பழைய டீசல் பிக்கப்புக்கு வேறு கியர் பாக்ஸ்: மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

மீஞ்சூர், பொன்னேரி, சோழவரம் பக்கத்து விவசாயிகள் பலர் பத்து, பதினைந்து வருடம் ஓடிய டீசல் பிக்கப்பைத்தான் நம்பியிருக்கிறார்கள். விடியற்காலையில் கீரையும் கத்தரிக்காயும் ஏற்றிக்கொண்டு சென்னைக்குள் போகும் வண்டி, திரும்பும்போது உர மூட்டையோடு வரும். ஒரு நாள் கியர் விழவில்லை என்றால் அன்றைய கீரை அன்றைக்கே வீண். அந்த அவசரத்தில்தான் "பாக்ஸையே மாத்திடுங்க" என்ற பேச்சு வருகிறது. வண்டியும் மணலி, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துப் பட்டறைக்குப் போகிறது. 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிப் பின்னர் அசோக் லேலண்ட் ஆன தொழிற்சாலை எண்ணூரில்தான் இருக்கிறது. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்களும் அந்த வழியில்தான் ஓடுகின்றன. டீசல் வண்டி வேலை தெரிந்த கைகளுக்கு அங்கே பஞ்சமில்லை. ஆனால் பாக்ஸை இறக்கச் சொல்லும் முன் நாமே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் சில உண்டு.

கோளாறு பாக்ஸில்தானா?

என்ஜின் ஓடும்போது எந்தக் கியரும் சரியாக விழவில்லை, என்ஜினை நிறுத்தினால் எல்லாக் கியரும் வழுக்கிக்கொண்டு விழுகிறது என்றால் பழுது பெரும்பாலும் கிளட்ச்சில். பெடலை மிதித்தும் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று பொருள். கேபிள் தளர்ந்திருக்கலாம், ஆயில் கிளட்ச் என்றால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். மாறாக, ஒரே ஒரு கியர் மட்டும் கரகரவென்று கத்தினால் அந்தக் கியரின் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. இதற்குப் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும், ஆனால் புதுப் பாக்ஸ் தேவையில்லை.

சத்தத்தை வைத்தும் கண்டுபிடிக்கலாம். வண்டியை நியூட்ரலில் நிறுத்தி என்ஜினை ஓட விடுங்கள். சத்தம் வந்து, பெடலை மிதித்ததும் நின்றால் பாக்ஸுக்குள் உள்ள பேரிங் போயிருக்கிறது. பெடலை மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங். வண்டி ஓடும்போது மட்டும் அடியில் உறுமினால் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ், சென்டர் பேரிங் இரண்டையும் முதலில் பாருங்கள். பயிற்சிக்கு வந்த ஒரு பெரியவர், பழைய பாக்ஸ் ஒன்று வாங்கிப் போட்டும் அதே சத்தம் வருகிறது என்று குறைபட்டார். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால் சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. பாக்ஸுக்குக் கொடுத்த பணம் திரும்பவில்லை.

கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே எண்ணூர் சாலையில் ஊர்ந்து போகிறவர்கள் பாதி மிதித்த கிளட்ச்சிலேயே வண்டியை நகர்த்துகிறார்கள். இதில் முதலில் தேய்வது கிளட்ச் பிளேட்டும் ரிலீஸ் பேரிங்கும்தான். சுமையோடு மேட்டில் ஏறும்போது என்ஜின் மட்டும் இரைந்து வண்டி நகராவிட்டால் பாக்ஸைக் குறை சொல்லாதீர்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கொசஸ்தலை ஆற்றை ஒட்டிய ஊர்களிலும் மணலி, எண்ணூர் பகுதியிலும் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. அப்படி நனைந்த வண்டிகளில் என்ஜின் ஆயிலை மாற்றியவர்கள் பலர், கியர் ஆயிலை மறந்துவிட்டார்கள். பாக்ஸின் மேலே ஒரு சிறு மூச்சுத் துளை இருக்கும். சூடான பாக்ஸ் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே உள்ள காற்று குளிர்ந்து சுருங்கி, அந்தத் துளை வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். பிறகு ஆயில் மோர் போல வெளுத்துவிடும். அதோடு ஓட்டினால் பேரிங்குகள் துருப்பிடித்துக் குழி விழும், பல மாதம் கழித்துத்தான் சத்தம் கேட்கும். அச்சு மூழ்கும் தண்ணீரில் வண்டி இறங்கினால் கியர் பாக்ஸ், பின் அச்சு இரண்டின் ஆயிலையும் திறந்து பாருங்கள். வெளுத்திருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.

வடித்த ஆயிலைத் தட்டில் ஊற்றி வெயிலில் பாருங்கள். நுண்ணிய மினுமினுப்பு வழக்கமான தேய்மானம். பித்தளை நிறத் துகள் அதிகமென்றால் சிங்க்ரோ வளையம். இரும்புச் சில்லு, பல் துண்டு கிடைத்தால் மட்டுமே பாக்ஸ் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

எது பொருந்தும்?

வெளிநாடுகளில் ஆட்டோமேட்டிக் பிக்கப்பைப் பிரித்து மேனுவலாக மாற்றுகிறவர்கள் உண்டு. கிளட்ச் பெடல், ஃபிளைவீல், கம்ப்யூட்டர் என்று எல்லாம் மாற வேண்டும், பெரிய வேலை. நம் ஊர் பிக்கப்களில் பெரும்பாலும் மேனுவல்தான். நாம் செய்வது பழைய பாக்ஸுக்குப் பதில் அதே வகைப் பாக்ஸ், அல்லது நான்கு கியருக்குப் பதில் ஐந்து கியர்.

அதே மாடல் பாக்ஸ் கிடைத்தால் வேறு எதையும் தேடாதீர்கள். வேறு மாடல் என்றால் கடைக்குப் போகும்போது உங்கள் பழைய கிளட்ச் பிளேட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வாங்கப் போகும் பாக்ஸின் முன் ஷாஃப்ட்டில் அது வழுக்கி இறங்க வேண்டும், ஆட்டமும் இருக்கக் கூடாது. பற்களின் எண்ணிக்கை ஒன்றானாலும் கனம் வேறாக இருக்கலாம், அதனால்தான் எண்ணிப் பார்ப்பது மட்டும் போதாது. ஷாஃப்ட்டின் முனை ஃபிளைவீல் நடுவில் உள்ள பைலட் பேரிங்கில் சரியாக உட்கார வேண்டும். பெல் ஹவுசிங் போல்ட் துளைகள், பின்பக்க ஃபிளாஞ்ச், பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம், கியர் லிவர் வரும் இடம், ஸ்பீடோமீட்டர் கேபிள் ஆகியவை அடுத்து வருகின்றன. புதுப் பாக்ஸ் நீளம் வேறானால் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டை லேத்தில் வெட்டி ஒட்ட வேண்டும். அப்படிச் செய்தால் இரு முனை யோக்குகளும் ஒரே நேரில் இருக்க வேண்டும், பேலன்ஸும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி நடுங்கி, புதுப் பாக்ஸின் பின் பேரிங்கையும் தின்றுவிடும்.

ஐந்தாம் கியர் ஆசை பற்றி ஒரு கணக்கு. நான்காம் கியரில் நிமிடத்துக்கு 2,500 சுற்றில் ஓடும் என்ஜின், 0.85 விகித ஐந்தாம் கியரில் அதே வேகத்தில் 2,125 சுற்றுதான் சுற்றும். நெடுஞ்சாலையில் இது நல்லது. ஆனால் முதல் கியரையும் கேளுங்கள். 5:1 இருந்த இடத்தில் 4:1 வந்தால் சக்கரத்துக்கு வரும் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஈர வயலிலிருந்து நெல் மூட்டையோடு மேடேறுகிறவருக்கு நெடுஞ்சாலை லாபத்தைவிட இந்த நஷ்டம் பெரிது.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் சென்சார்கள் அதிகம். அவற்றில் வேறு மாடல் பாக்ஸ் போடும் சோதனையே வேண்டாம் என்பது என் கருத்து.

பழைய பாக்ஸ் வாங்கும்போது முன் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றி ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். ஷாஃப்ட்டை மேலும் கீழும் அசைத்து ஆட்டம் பாருங்கள். காதுகளில் வெல்டிங், வெடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். காசிமேட்டில் மீன் ஏற்றி ஓடிய வண்டிகளில் ஐஸ் உருகிய உப்பு நீர் அடியில் சொட்டிக்கொண்டே இருக்கும். அலுமினிய உறையில் வெள்ளைப் பொடி பூத்து, போல்ட் துளைகள் அரித்திருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

பட்டறையில்

பாக்ஸை இறக்கியதும் கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், என்ஜினின் பின் ஆயில் சீல் நான்கையும் பார்த்துவிடுங்கள். மறுபடி இறக்கும் கூலி இந்தச் சாமான் விலையைவிட அதிகமாகிவிடும். ஏற்றும்போது பாக்ஸின் பாரம் கிளட்ச் பிளேட்டில் தொங்கக் கூடாது, பிளேட் வளைந்துவிடும். போல்ட்டை இறுக்கி இழுத்துப் பாக்ஸைச் சேர்ப்பதும் தவறு. அது கையால் தள்ளினாலே போய் உட்கார வேண்டும். வீட்டிலேயே செய்பவர்கள் ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

ஆயில் விஷயத்தில் கடைக்காரர் கொடுப்பதை அப்படியே ஊற்றாதீர்கள். 80டபிள்யூ-90 என்று ஒரே எண் போட்டு ஜி.எல்-4, ஜி.எல்-5 என இரண்டு தரம் வரும். பின் அச்சுக்கு ஏற்ற ஜி.எல்-5இல் உள்ள கந்தகச் சேர்மங்கள் சில பாக்ஸ்களின் பித்தளை சிங்க்ரோ வளையத்தை அரிக்கும். வண்டிக் கையேட்டில் எது போட்டிருக்கிறதோ அதுவே. பழைய பாக்ஸ் போட்டவர்கள் முதல் 500 கிலோமீட்டரில் ஒருமுறை ஆயிலை வடித்துத் துகள் பார்ப்பது நல்லது.

ஆர்.சி.யில் என்ஜின் எண், சேஸ் எண் இருக்கும், கியர் பாக்ஸ் எண் இருப்பதில்லை. அதே வகைப் பாக்ஸ் மாற்றுவது பழுது பார்ப்புதான். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியின் அடிப்படையை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. பாக்ஸோடு என்ஜினையும் மாற்றச் சொன்னால், ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கிய பிறகே கை வைக்க விடுங்கள். வாங்கிய பாக்ஸுக்கு எண் குறித்த ரசீது கேளுங்கள், திருட்டுச் சாமான் தகராறு வந்தால் அதுதான் கை கொடுக்கும்.

கழற்றிய பழைய பாக்ஸை உடனே எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வண்டி இரண்டு மாதம் ஒழுங்காக ஓடும்வரை ஷெட்டில் இருக்கட்டும். அதன் நல்ல கியர்கள், ஷாஃப்ட், மேல் மூடி எல்லாம் அதே மாடல் வைத்திருக்கும் பக்கத்து ஊர்க்காரருக்கும் உதவும்.