விளக்குத்தண்டும் சிலுவையும்

சமயச் சின்னத்தின் பொருள் அதனைக் கையாளுவோரின் வரலாற்றோடு மாறுவது. கி.பி. 70இல் உரோமப் படை எருசலேம் ஆலயத்தை அழித்தது. அங்கிருந்து கவர்ந்த ஏழுகிளைப் பொன் விளக்குத்தண்டை வெற்றி ஊர்வலத்திற் சுமந்து செல்லுங் காட்சியை, உரோமையில் தீத்துவின் மறைவுக்குப்பின் எழுந்த வளைவிலே இன்றும் நாம் காணலாம். விளக்கு மறைந்தது, உருவம் மறையவில்லை. ஆலயத்தையும் பலிவழிபாட்டையும் இழந்த யூதர், தொழுகைக்கூடத் தளங்களிலும் கல்லறைகளிலும் அதனையே பொறித்தனர். வென்றோரின் கொள்ளைப்பொருள் தோற்றோரின் அடையாளமாயிற்று. 1949இல் இஸ்ரேல் தன் அரச இலச்சினைக்கு அவ்வளைவிலுள்ள வடிவத்தையே தழுவிக்கொண்டது. நாடிழந்தோரின் குறி அரசதிகாரத்தின் முத்திரையான இம்மாற்றத்தை வெறும் மரபுத் தொடர்ச்சியாகக் கொள்ளுதல் பொருந்தாதென்பதே எமது கருத்து.

சிலுவையோ முதலில் வழிபாட்டுப் பொருளே அன்று. அடிமைகளையும் கலகஞ்செய்தோரையும் உரோமர் கொன்ற கருவி. ஸ்பார்ட்டக்கசின் கிளர்ச்சி முறியடிக்கப்பட்டபின், கி.மு. 71இல், அப்பியன் வீதியோரம் ஏறத்தாழ 6000 பேர் அதில் அறையப்பட்டனர். அக்கொடுமையைக் கண்ணாற் கண்ட காலத்துக் கிறித்தவர், மீனையும் நங்கூரத்தையும் வரைந்தனரேயன்றிச் சிலுவையை அரிதாகவே வரைந்தனர். 4ஆம் நூற்றாண்டில் பேரரசன் கொன்ஸ்தந்தீன் கிறித்தவத்தை ஆதரித்த பின்னரே அது பொதுவிடங்களிற் பரவலாயிற்று. கொன்ற அரசே அதனைப் போற்றலாயிற்று.