ரப்பர் பெட்டிப் பலகை

தாத்தா செய்த சாமித்தட்டு இன்றும் என் வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது. இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரம். முருகன் படம், அகல்விளக்கு, விபூதிக் கிண்ணம். வீட்டுக்குச் சாயம் அடிக்கும்போது மட்டும் கழற்றுவோம். பின்பலகையைத் திருப்பினால் கறுப்பு மையில் பாதி அழிந்த ஆங்கில எழுத்துகள் தெரியும்: வெனெஸ்டா. சின்ன வயதில் அது எந்த ஊர் என்று தாத்தாவிடம் கேட்டிருக்கிறேன். "ஊரில்லப்பா, பெட்டி" என்றார்.

அந்தப் பெட்டியைப் பற்றி மறுபடி யோசிக்க வைத்தது ஒரு நூலக அலமாரி. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளி. தோட்டம் விற்கப்பட்டு, தொழிலாளர் லயங்கள் இடிபட்டு, ரப்பர் மரம் நின்ற இடமெல்லாம் செம்பனை ஆகி, பள்ளி மட்டும் மிஞ்சியிருக்கிறது. அங்கே நூலகத்தில் இருந்த சிப்போர்டு அலமாரிகள் ஒரு மழைக்காலத்தில் ஊறிப் பொரி மாதிரி உப்பிவிட்டன. நான் தொழிற்பள்ளியில் மரவேலை கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பது தெரிந்து தலைமையாசிரியை கூப்பிட்டார். "சார், முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் எட்டி எடுக்கிற உயரத்தில் வேண்டும். புத்தகப் பாரத்தில் தட்டு தொங்கக் கூடாது. கையில் சிலாம்பு ஏறக் கூடாது." இந்த மூன்றையும் கேட்டதும் பிர்ச் பிளைவுட்தான் என்று மனத்தில் முடிவு செய்துவிட்டேன்.

முடிவு செய்வது சுலபம். ஈப்போவில் அதைத் தேடுவதுதான் வேலை. சிலிபினில் தொடங்கி மெங்லெம்பு வரை கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லாக் கடையிலும் நான்குக்கு எட்டடி மெராந்தி பிளைவுட் கூரை முட்ட அடுக்கியிருக்கிறது. அது நம் நாட்டுச் சரக்கு. கான்கிரீட் வார்ப்புக்கும் அலமாரி முதுகுக்கும் நன்றாக உழைக்கும். ஆனால் விளிம்பைத் திறந்து விட்டால் பிசிறு கிளம்பும். உள்ளடுக்கில் அங்கங்கே பொந்து இருக்கும். பிர்ச் என்றால் கடைக்காரத் தவுக்கேக்கள் தலையைச் சொறிந்து, "ஆர்டர் போடணும்" என்றார்கள்.

ஒரு கடையில் மட்டும் உடனே எடுத்துக் கொடுத்தார்கள். வெளுத்த முகம், வழுவழுப்பு, விலையும் பிர்ச் விலைதான். வீட்டுக்குக் கொண்டுவந்து வாளை ஓட்டியபோதுதான் உண்மை தெரிந்தது. மேலும் கீழும் காகிதக் கனத்தில் பிர்ச் தோல். உள்ளே வேறு ஏதோ மெத்தென்ற மரம். திருகாணியை முறுக்கினால் பிடி கொடுக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. பணம் போனதைவிட, முப்பது வருடம் பலகையோடு புழங்கியவன் விளிம்பைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்து வாங்கிவிட்டேனே என்பதுதான் வலித்தது. தாத்தா இருந்திருந்தால் முதலில் விளிம்பைத்தான் கட்டைவிரலால் தடவியிருப்பார்.

பிளைவுட்டின் ஜாதகம் விளிம்பில்தான் எழுதியிருக்கிறது. நல்ல பால்டிக் பிர்ச்சில் ஒவ்வோர் அடுக்கும் ஏறக்குறைய 1.4 மில்லிமீட்டர். 12 மில்லிமீட்டர் பலகை என்றால் 9 அடுக்கு. 18 என்றால் 13. எண்ணிப் பார்க்கலாம். மேல் அடுக்கு, இழைத்துத் தேய்த்ததால் கொஞ்சம் மெலிந்திருக்குமே தவிர, உள்ளடுக்குகளின் கனத்துக்கு அருகில்தான் இருக்கும். உள்ளேயும் அதே மரம், அதே வெளுப்பு. விளிம்பில் கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தால் பொந்து. பலகைத் தாளைச் சாய்த்து முட்டியால் தட்டிக்கொண்டே போனால் பொந்து இருக்கும் இடத்தில் ஓசை மாறும். முகத்தில் முட்டை வடிவத்தில் சிறு ஒட்டுகள் இருந்தால் பயப்பட வேண்டாம். கணுவை எடுத்துவிட்டு அதே மரத்தால் அடைத்தது, தரத்தில் ஒருபடி கீழ், அவ்வளவுதான். பால்டிக் பக்கத்துச் சரக்கு பெரும்பாலும் ஐந்துக்கு ஐந்தடிச் சதுரமாக வரும். அடுக்குகளுக்கு நடுவே பசைக்கோடு கரும்பழுப்பாக இருந்தால் ஈரம் தாங்கும் பசை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: பசை ஈரம் தாங்கும், பிர்ச் மரம் தாங்காது. நம் ஊர் ஈரத்தில் தரையோடு வைத்தால் பூஞ்சையும் கரையானும் பங்கு போட்டுக்கொள்ளும்.

தாத்தாவுக்கு விளிம்பு பார்க்க எப்படித் தெரிந்தது என்றால், அவர் வாழ்நாளில் பாதியை அந்தப் பலகைக்கு ஆணி அடித்தே கழித்தார்.

நாமக்கல் பக்கத்து ஆள். 1927இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு வந்தார். ஜெரஜாக் தீவில் தனிமைப்படுத்தி வைத்திருந்துவிட்டுத்தான் கரைக்கு விட்டார்களாம். ஊரில் ஏர், கலப்பை செதுக்கிய கை என்பதால் கங்காணி அவரைப் பால்வெட்டில் நிறுத்தாமல் ஸ்டோருக்கு அனுப்பினார். வீடு கட்டுவது, பாலம் போடுவதெல்லாம் எங்கள் தோட்டத்தில் சீனத் தச்சர்களின் குத்தகை. தாத்தாவுக்கு வேலை, ரப்பர் பெட்டி அடிப்பது.

பெட்டி பெட்டியாக வராது. பலகைகள் கட்டுக்கட்டாக வரும். ஓரச் சட்டங்கள் தனி, மூலைக்குப் போடும் தகரப் பட்டைகள் தனி, ஆணி தனி. காலைப் பெரட்டில் ஆள் கணக்கு முடிந்ததும் உட்கார்ந்தால், புகைக்கூடத்திலிருந்து ஷீட் இறங்குவதற்குள் அன்றைய பெட்டிகள் நிற்க வேண்டும். புகையில் காய்ந்து தேன் நிறத்துக்கு வந்த ஷீட்டுகளைக் கிராணி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துத் தரம் பிரிப்பார். அடுக்கி, மிதித்து அழுத்தி, மூடியை அடித்து, தோட்டத்தின் முத்திரையை மையில் குத்தி, மாட்டு வண்டியிலும் பிறகு லாரியிலும் ரயிலடிக்கு ஏற்றுவார்கள்.

அந்தப் பலகை எங்கிருந்து வந்தது என்பது தாத்தாவுக்குத் தெரியாது. "சீமை" என்பார். அது லண்டன் வழியாக வந்ததே தவிர, லண்டன் சரக்கில்லை. பால்டிக் கடலோரம், இன்றைய எஸ்தோனியாவின் தலைநகர் தாலின். அந்தத் தொழில் தொடங்கிய காலத்தில் அதற்கு ரெவால் என்று பெயர். ரஷ்யப் பேரரசில் இருந்தது. அங்கே லூதர் குடும்பத்தாரின் மரத் தொழிற்சாலை நாற்காலி இருக்கைகளுக்குப் பிளைவுட் செய்து பேர் வாங்கியது. 19ஆம் நூற்றாண்டு முடிகிற நேரத்தில் அந்தப் பலகையை விற்க லண்டனில் ஒரு கம்பெனி எழுந்தது. வெனீர், எஸ்தோனியா இரண்டையும் சேர்த்து வெனெஸ்டா. அவர்கள் முதலில் கண்ட சந்தை தேயிலைப் பெட்டி. பிர்ச் மரத்துக்கு வாசனை கிடையாது, தேயிலையில் ஏறாது. கட்டையைச் சுடுநீரில் ஊறவைத்து, கடைசலில் கொடுத்து, பாய்ச்சுருளை விரிப்பதுபோல ஒரே சீராக உரிக்கலாம். மூன்று அடுக்கைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினால் கால் அங்குலத்துக்கும் குறைவான பலகை, முழுமரப் பலகையின் வேலையைச் செய்யும். எடையோ பாதிகூட இல்லை. கப்பல் கூலி எடைக்கும் இடத்துக்கும் கொடுப்பது. சிலோன், அசாம் தேயிலைத் தோட்டங்கள் அதை எடுத்துக்கொண்டன. பின்னாலேயே மலாயா ரப்பரும் வந்து சேர்ந்தது.

அந்தக் காலத்துப் பிளைவுட் பசை பாலின் கேசீனிலிருந்தும் மாட்டு ரத்தத்திலிருந்தும் காய்ச்சியது. சாமித்தட்டின் பின்னால் எந்தப் பசை இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது. பாட்டிக்கு இந்த ரத்தப் பசை விஷயம் தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

நூலகத்துக்கு அலமாரி செய்கிற எனக்கு இன்னொரு செய்தி மிகவும் பிடிக்கும். 1907இல் தென்துருவம் நோக்கிப் போன ஷாக்கிள்டன் தன் சாமான்களை இதே வெனெஸ்டா பெட்டிகளில் கொண்டுபோனார். 1908 குளிர்காலத்தில், அண்டார்க்டிகாவின் குடிலுக்குள்ளேயே அவருடைய ஆட்கள் 'அரோரா ஆஸ்திராலிஸ்' என்ற புத்தகத்தை அச்சடித்தார்கள். அதற்கு அட்டையாகப் போட்டது உடைத்த பெட்டிகளின் பலகை. பனியில் புத்தக அட்டை, பேராக்கின் புழுக்கத்தில் சாமித்தட்டு. பலகை ஒன்றுதான்.

ரப்பர் ஏற்றிய பெட்டி திரும்பி வராது. தோட்டத்தில் தங்கியது மழையில் நனைந்தது, மூலை உடைந்தது, கிராணி கணக்கில் தள்ளியது. அதுவே லயத்துக்குப் போதுமான சொத்தாக இருந்தது. பத்தடிக்குப் பத்தடி அறையில் தடுப்பு, அரிசிப் பெட்டி, கோழிக்கூட்டின் கதவு, ஆயக்கொட்டகையில் பிள்ளைகள் உட்காரும் மணை, எல்லாம் அந்தப் பலகைதான். பிறந்து சில நாளில் இறந்த குழந்தைகளுக்கு இரவோடிரவாகப் பெட்டி அடித்துக் கொடுத்ததையும் தாத்தா ஒரே ஒருமுறை சொன்னார். அவருடைய குழந்தை ஒன்றும் அதில் அடக்கம். எழுத்தை உள்பக்கமாகத் திருப்பி வைத்து அடிப்பேன் என்றார்.

ஜப்பான்காரன் காலத்தில் பலகை வரத்து நின்றது. 1941 டிசம்பர் கடைசியில் ஈப்போ விழுந்தது. வாங்குவார் இல்லாமல் ரப்பரே நின்றபோது பெட்டிக்கு என்ன வேலை? எங்கள் லயத்திலிருந்து சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனவர்களில் தாத்தாவின் தம்பியும் ஒருவர். திரும்பவில்லை. அதே ஆண்டுகளில் அந்தப் பக்கம் எஸ்தோனியாவிலும் எல்லாம் சிதறியது. ஜெர்மானியர்களான லூதர் குடும்பத்தார் வெளியேறினார்கள்; 1940இல் சோவியத் அரசு தொழிற்சாலையை எடுத்துக்கொண்டது.

போருக்குப் பின் தோட்டம் மறுபடி ஓடியது, பெட்டி மட்டும் பழையபடி திரும்பவில்லை. காரணம் நியாயமானது. பெட்டியின் சிலாம்பு ரப்பரில் ஒட்டிக்கொண்டு டயர் ஆலையில் தொல்லை கொடுத்தது. அதனால் ஷீட்டுகளையே கட்டாக அழுத்தி, வெளியேயும் ரப்பர் ஷீட்டையே சுற்றி, ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க மாக்கல் பொடிக் கரைசல் பூசி அனுப்பும் முறை பரவியது. பிறகு 1965இல் மலேசியத் தர ரப்பர் திட்டம் வந்தது: 33.3 கிலோ கட்டி, பிளாஸ்டிக் உறை. தாத்தாவின் சுத்தியலுக்கு வேலை போய்விட்டது. கடைசி வருடங்களில் அவர் லயத்துக் கதவுகளுக்குக் கீல் மாற்றிக்கொண்டிருந்தார்.

இந்தக் கதையில் என்னை உறுத்துகிற இடம் ஒன்று உண்டு. 1877இல் பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோ கோலகங்சாரில் ஒன்பது ரப்பர் கன்றுகளை நட்டார். அவற்றில் ஒரு மரம் வேலி கட்டி இன்றும் நிற்கிறது. அதற்குப் பிறகு மலை மலையாக ரப்பர் மரம் நட்ட நாடு இது. பால் வற்றிய மரத்தை வெட்டி என்ன செய்தார்கள்? புகைக்கூடத்தில் விறகாக எரித்தார்கள். என் அப்பா அந்த அடுப்புக்குத்தான் தீ போட்டார். பிர்ச் பலகையைக் கடல் கடந்து வரவழைத்து, அதே வெளுப்பில் இருந்த சொந்த மரத்தை அதன் பக்கத்திலேயே எரித்திருக்கிறோம். துரைமார் முட்டாள்கள் என்று சொல்ல வரவில்லை. வெட்டிய சில நாளில் ரப்பர் மரத்தில் நீலக்கறை ஏறும். மாவுச்சத்து நிறைந்த மரம், துளைப்பூச்சி உடனே வரும். வெட்டிய கையோடு அறுத்து, போரான் மருந்தை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தினால் அது நாற்காலிக்கும் மேசைக்கும் முதல்தர மரம். கெப்போங் வன ஆய்வு நிலையம் போன்ற இடங்களின் உழைப்பு தொழிலாக மாறி, 1980களில் ரப்பர் மர நாற்காலிகள் கப்பல் ஏறின. அப்பா அப்போது உயிரோடு இருந்தார். ஈப்போ கடை ஒன்றில் ஏற்றுமதி நாற்காலியைத் தடவிப் பார்த்து, "நான் எத்தனை நாற்காலியை எரிச்சிருக்கேன்" என்றார். அவர் முகம் அன்று முழுவதும் சரியில்லை.

அந்த மரமும் இப்போது குறைகிறது. செம்பனை நட்ட இடத்தில் ரப்பர் கட்டை ஏது?

பிர்ச்சுக்கு வந்த நெருக்கடி தனி. அது மிகுதியாக விளைவதும் உரிப்பதும் ரஷ்யாவில். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியது. ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய மரத்துக்குத் தடை போட்டது. காட்டுச் சான்றிதழ் அமைப்புகளும் ரஷ்ய, பெலாரஸ் மரத்தைப் போர் மரம் என்று தள்ளின. பின்லாந்து, லாட்வியா, எஸ்தோனியா சரக்குக்கு விலை ஏறியது. துருக்கி, கஜகஸ்தான் வழியாகப் பெயர் மாறி ரஷ்யப் பலகை வருகிறது என்று ஐரோப்பாவிலேயே விசாரணை நடந்தது. சீனாவிலிருந்து வரும் தோல்-பிர்ச் எங்கள் ஊர் வரை வந்துவிட்டதை நானே பணம் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். ஆகவே இன்று பிர்ச் தேடுகிறவர் அடுக்கை எண்ணுவதோடு, எந்த நாட்டு ஆலை, எந்தச் சான்று என்ற தாளையும் கேட்க வேண்டும். கேட்டால் முகம் சுளிக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

எனக்குக் கடைசியில் கிடைத்தது பினாங்கில், இறக்குமதிக்காரர் ஒருவரிடம். ஐந்தடிச் சதுரத்தில் ஆறு தாள், 18 மில்லிமீட்டர். சான்றுத் தாளில் எஸ்தோனியா என்று இருந்தது. அவர் கிடங்கிலேயே முட்டி போட்டு உட்கார்ந்து ஆறு தாளின் விளிம்பையும் எண்ணினேன். 13, 13, 13. ஓரிடத்தில்கூடக் கறுப்புப் புள்ளி இல்லை.

தட்டுகளுக்கும் பக்கங்களுக்கும் பிர்ச் போட்டேன். தரையைத் தொடும் அடிச்சட்டம் முழுவதும் செங்கால் மரம். ஈரம் அதோடு நின்றுவிடட்டும். முதுகுச் சட்டங்களுக்கு ரப்பர் மரம், பழைய தோட்டத்து நிலத்திலேயே மிஞ்சியிருந்த மரங்களை வெட்டி மருந்தேற்றியது. விளிம்புகளை உருட்டி, நானூறு நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, பிள்ளை கன்னத்தை வைத்தாலும் உறுத்தாதபடி எண்ணெய் பூசினேன்.

பள்ளியில் பூட்டி முடித்த அன்று, முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்தி தட்டின் விளிம்பில் விரலை வைத்து அடுக்குகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்பது வரை வந்து விட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.