புகாரை யாரிடம் சொல்வது?

சிவகாசிப் பக்கம் போலீஸ்மேல் புகார் என்று பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி "யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்பதுதான். படித்தவர்கள் இதைப் பயம் என்றோ அறியாமை என்றோ ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு இது வரலாறு தெரிந்தவர்களின் கேள்வியாகவே படுகிறது.

சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரிக்க 1854இல் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவர் கமிஷன் அமைக்கப்பட்டது. அறிக்கை 1855இல் வந்தது. சிவகாசி அன்று திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. கையை இடுக்கி நசுக்கும் கிட்டி, உடம்பை வளைத்துக் கட்டிப்போடும் அண்ணாந்தாள் என நம்முடைய சொற்கள் அந்த அறிக்கையில் ஆங்கில எழுத்தில் ஏறியிருக்கின்றன. வரி வசூலித்தவர் தாசில்தார். போலீஸ் அதிகாரமும் அவர் கையில்தான். அடி வாங்கினவன் அடித்த கச்சேரிக்கே மனுவோடு போகணும். அதைத் தாண்டிக் கலெக்டரிடம் போனாலும் அவர் அதே வருவாய்த்துறையின் தலைவர். கமிஷன் பழியைச் சுதேசிச் சிப்பந்திகள்மேல் போட்டு வெள்ளை அதிகாரிகளை விடுவித்தது. 1857இல் நியூயார்க் டெய்லி டிரிப்யூனில் இந்த அறிக்கையைப் பற்றி எழுதிய மார்க்ஸ் அந்த விடுவிப்பை ஏற்கவில்லை. ஆனாலும் ஒரு பலன் இருந்தது. 1859ஆம் வருஷச் சட்டம் போலீசை வருவாய்த்துறையிலிருந்து பிரித்துத் தனித் துறையாக்கியது.

பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்சநீதிமன்றம், மாவட்டந்தோறும் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையில் போலீஸ் புகார் ஆணையம் வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013இல் இயற்றிய சட்டமோ கலெக்டரைத் தலைவராக்கி, எஸ்.பி.யையே உறுப்பினராக உட்கார வைத்தது. யார்மேல் புகாரோ அவருடைய மேலதிகாரியே விசாரணை மேசையில் இருக்கிறார். 1855இன் மேசைக்கு நாம் திரும்பிப்போன கதை இது.

இதற்கு நேர் எதிரான காட்சி ஒன்றும் உண்டு. 2020 ஜூனில், விருதுநகருக்குப் பக்கத்து மாவட்டமான தூத்துக்குடியின் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துப்போன தந்தையும் மகனும் காவலில் இறந்தார்கள். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டுக்கு ஸ்டேஷனில் ஒத்துழைப்பு இல்லை. தடயங்களைக் காப்பாற்ற, அந்த ஸ்டேஷனையே வருவாய்த்துறையின் பொறுப்பில் வைக்கச் சொன்னது மதுரை உயர்நீதிமன்றக் கிளை. அங்கே வருவாய்த்துறை பயன்பட்டதற்குக் காரணம் அதன் நல்ல குணமல்ல. அதை வெளியே நின்ற நீதிமன்றம் ஏவியது, போலீஸ் பக்கத்தில் உட்காரவில்லை.

பட்டாசு ஆலை வெடித்தால் பெரும்பாலும் வி.ஏ.ஓ. புகார் கொடுப்பார், போலீஸ் வழக்குப் போடும். இரண்டு துறையும் சேர்ந்தே வருவதைப் பார்த்துப் பழகியவர்கள் இந்தத் தொழிலாளர்கள். அவர்களிடம் "கலெக்டர்கிட்ட எழுதிக் கொடு" என்று சொல்வது பதிலாகாது. இந்த இரண்டு துறைக்கும் வெளியே ஒரு கதவைக் காட்டாதவரை அவர்கள் கேள்வி அப்படியே நிற்கும்.