தலைக்கா, வண்டிக்கா?

1951 கோடையில் மெம்ஃபிஸ் நகரத்தில் வீடு கட்டி விற்கும் தொழில் செய்த கெம்மன்ஸ் வில்சன், மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு வாஷிங்டன் போனார். வழிநெடுக விடுதிக்காரர்கள் அறை வாடகைக்கு மேல் பிள்ளைக்கு 2 டாலர் கேட்டார்கள். ஐந்து பிள்ளைகளுக்கு ராத்திரிக்கு 10 டாலர். கொதித்துப்போய் ஊர் திரும்பியவர் மறுவருஷமே முதல் ஹாலிடே இன் விடுதியைத் திறந்தார். பெற்றோர் அறையிலேயே படுத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அங்கே காசு வாங்கவில்லை.

தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கும் குடும்பம் ஒருவிதமாகப் பயணம் போகும். மொத்தமாக இவ்வளவு என்று கொடுப்பது வேறுவிதமாகப் போகும். டல்லாஸில் குடியிருந்துகொண்டு விடுமுறைக்கு ஆர்.வி. என்னும் வீட்டுவண்டி எடுத்துச் சுற்றும் குடும்பம் எங்களுடையது. வீட்டுக் கணக்கு நோட்டு என் கையில். அமெரிக்காவில் வீட்டோடு ஓடும் வண்டி எப்படி வளர்ந்தது, எப்போது தளர்ந்தது என்பதை இந்த ஒரு கணக்கிலேயே பார்த்துவிடலாம்.

ஃபோர்டின் மாடல் டி கார் மலிவான பிறகு, நடுத்தரக் குடும்பங்கள் கூடாரத்தைக் காரில் கட்டிக்கொண்டு குளிர்காலத்தில் ஃப்ளோரிடாவுக்குக் கிளம்பின. டப்பாவில் அடைத்த உணவுதான் வழிச்சாப்பாடு. 1919இல் டாம்பாவின் டி சோட்டோ பூங்காவில் இவர்கள் கூடி அமைத்த சங்கத்துக்கே ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்று பெயர். வருகிறவர்கள் நம் கடைத்தெருவில் நாலு சாமான் வாங்குவார்கள் என்று பல ஊர்க்காரர்கள் இலவசமாகவே இடம் ஒதுக்கிக் குழாயும் கழிப்பறையும் போட்டுக்கொடுத்தார்கள். கையில் காசில்லாதவர்களும் வந்து தங்கத் தொடங்கியதும், அவர்களைத் தள்ளிவைக்கக் கட்டணம் விதித்தார்கள். கட்டணம் கொடுப்பவன் கூரை கேட்டான். சிறு குடில்கள் எழும்பின. அவையே பிறகு மோட்டல்கள் ஆயின. வில்சனிடம் தலைக்கணக்குப் பார்த்த விடுதிகளுக்கு மூலம் இந்த இலவசத் திடல்கள்தான்.

எஞ்சினும் படுக்கையும் ஒரே உடம்பில் இருக்கும் வண்டி, அதாவது மோட்டார்ஹோம், இதற்கு முன்பே உண்டு. 1910இல் பியர்ஸ் ஆரோ நிறுவனம் ‘டூரிங் லாண்டோ’ என்று ஒன்றைக் காட்சிக்கு வைத்தது. அது சீமான்களுக்கு. மிச்சிகனின் பிரவுன் சிட்டியைச் சேர்ந்த ரே ஃபிராங்க் 1950களின் கடைசியில் தன் குடும்பத்துக்கென்று ஒரு வண்டி கட்டி, பின்பு டாட்ஜ் அடிச்சட்டத்தில் விற்பனைக்கும் செய்தார். அதுவும் சாமானியர் கைக்கு எட்டவில்லை.

எட்டவைத்தது அயோவா மாநிலத்துச் சிற்றூரான ஃபாரஸ்ட் சிட்டி. விவசாயம் நொடித்து ஊர் காலியாகிக்கொண்டிருந்த நேரம். மரச்சாமான் கடையும் ஈமச்சடங்கு நிலையமும் நடத்திவந்த ஜான் ஹான்சன், ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும் என்று அலைந்து, கலிஃபோர்னியக் கம்பெனி ஒன்றின் டிரெய்லர் தொழிற்சாலையைத் தன் ஊருக்குக் கொண்டுவந்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் வின்னபேகோ நிறுவனம். 1966இல் அங்கிருந்து முதல் மோட்டார்ஹோம் வெளிவந்தது. கார்களைப் போல வரிசையில் நகர்த்தி நகர்த்திப் பூட்டியதால் மற்றவர்கள் சொன்ன விலையில் ஏறக்குறையப் பாதிக்கே கொடுக்க முடிந்தது. ஓர் ஊர் பிழைத்தது என்பதால் எனக்கு இந்தக் கதையில் தனிப் பிரியம் உண்டு.

ராத்தங்கும் செலவையும் ஏற்கெனவே ஒருவர் குறைத்துவைத்திருந்தார். 1962இல் சியாட்டில் உலகக் கண்காட்சிக்குப் போகிறவர்கள் மொன்டானாவின் பில்லிங்ஸ் வழியாகச் சாரிசாரியாகக் கடந்தபோது, டேவ் டிரம் ஆற்றோரத் தன் நிலத்தில் முகாம் போட்டார். வெந்நீர்க் குளியல், மேசை, அடுப்பு எல்லாம் சேர்த்து ராத்திரிக்கு 1.75 டாலர். கே.ஓ.ஏ. என்ற முகாம் தொடரின் ஆரம்பம் அதுதான்.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. ஒரு கேலனுக்கு 10 மைல்கூட ஓடாத வண்டியை யார் வாங்குவார்கள்? ஜெனரல் மோட்டார்ஸ் ஆசையாகச் செய்த ஜி.எம்.சி. மோட்டார்ஹோம் அந்த வருஷம்தான் சந்தைக்கு வந்தது, 1978இல் நின்றுபோனது. விடுதிக் கணக்கில் மிச்சம் பிடித்ததைப் பெட்ரோல் பங்கில் விட வேண்டும் என்பது அன்றைக்கே தெளிவானது.

இன்றைக்கும் அப்படித்தான். 2,000 மைல் பயணத்துக்குக் கேலனுக்கு 8 மைல் ஓடும் ஆர்.வி. 250 கேலன் குடிக்கும். 25 மைல் ஓடும் காருக்கு 80 போதும். கூடுதலான 170 கேலனை எங்கே ஈடுகட்டுவது? மாமனார் மாமியார் ஊரிலிருந்து வந்து நாங்கள் ஆறு பேரானால், விடுதியில் இரண்டு அறை எடுத்தாக வேண்டும். வேளாவேளைக்கு ஆறு இலைக்கும் வெளியே கொடுக்க வேண்டும். பல முகாம்களில் இடம் ஒன்று, கட்டணம் ஒன்று.

அடுப்புதான் பெரிய வரவு. சின்னக் குக்கரில் சாதம் வைத்து ரசம் தாளிப்போம். தாளிப்பதற்கு முன் கூரை ஜன்னலைத் திறந்து விசிறியைப் போட வேண்டும். இல்லாவிட்டால் கடுகு வெடிப்பதற்குள் புகை அலாரம் கூவிவிடும். அரிசி கழுவிய தண்ணீர்கூடக் கழிவுநீர்த் தொட்டிக்குத்தான் போகும். அது நிரம்பினால் ஊற்ற இடம் தேடி வண்டியை எடுக்க வேண்டும் என்பதால், ஒரே பாத்திரத்தில் சமைக்கும் பழக்கம் எங்களுக்கு அங்கேதான் வந்தது.

ஆர்.வி. தொழில்துறை சார்பில் 2018இல் சி.பி.ஆர்.இ. நிறுவனம் செய்த ஆய்வு, நால்வர் குடும்பத்துக்கு 21 முதல் 64 சதவீதம் வரை மிச்சம் என்றது. இருவருக்கு 8 முதல் 53. விற்கிறவர்கள் பணம் கொடுத்துச் செய்த கணக்கு என்பதை மனதில் வைத்தே படிக்க வேண்டும். ஆனாலும் ஆள் கூடக்கூட லாபம் கூடும் என்பது என் நோட்டும் சொல்வதுதான்.

என் தீர்ப்பு இது: நாலு பேர் வரை காரும் மோட்டலும் போதும். பெரியவர்களோடு ஆறு பேர் என்றால் ஆர்.வி.யை வாடகைக்கு எடுங்கள். வருஷத்தில் சில வாரம் ஓட்டுவதற்காக விலைக்கு வாங்காதீர்கள். பணம் கட்டும் முன், மைலுக்கு எவ்வளவு, ஜெனரேட்டருக்கு மணிக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். எத்தனை பேர் படுக்கலாம் என்று பார்ப்பதோடு நிற்காமல், எத்தனை இருக்கைக்கு பெல்ட் இருக்கிறது என்றும் எண்ணிப் பாருங்கள்.