தலைக்கணக்கும் வாக்குக்கணக்கும்

தலவாக்கலை, லிந்துலை, கொட்டகலை முதலிய ஊர்களைத் தழுவிய திம்புள்ளப் பிரதேசத்தின் தேயிலைத் தோட்ட மக்கள், அரசாங்கக் குடிசனமதிப்பிற்கு ஒருபோதும் தப்பியவரல்லர். அவர்கள் தவறாது எண்ணப்பட்டனர். அவ்வெண் யாருக்குப் பயன்பட்டது என்பதே ஆராயத்தக்கது.

இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்னும் பாகுபாடு 1911ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பில் இடம்பெற்றது. அந்நாளில் அஃது எழுதுவினைஞரின் வசதிக்கான பகுப்பாகவே பலருக்குத் தோன்றியிருத்தல் கூடும். 1946இல் அப்பகுப்பினுள் 780,589 பேர் அடங்கினர். அவ்வாண்டின் சோல்பரி அரசியற்றிட்டம், 75,000 பேருக்கு ஓர் உறுப்பினர் எனவும், 1,000 சதுரமைலுக்கு மேலும் ஓர் உறுப்பினர் எனவும் விதித்தது. கணக்கிற் கொள்ளப்பட்டோர் வாக்காளர் அல்லர், குடிகள் அனைவருமாவர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு தொகுதிகளை வென்றது, தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும் கொட்டகலையில் கே. குமாரவேலுவும் தெரிவாயினர்.

1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தமும் இம்மக்களுட் பெரும்பாலாரின் வாக்குரிமையைப் பறித்தன. 1952இல் அவ்வேழு இடங்களுள் ஒன்றேனும் காங்கிரசுக்கு மீளவில்லை. எனினும் அவர்தம் தலைக்கணக்கு நீக்கப்படவில்லை. 1959ஆம் ஆண்டு எல்லை நிர்ணயத்திலும் வாக்கற்றோர் எண்ணப்பட்டனர். தெரிவாகும் உறுப்பினர் தொகை 95இலிருந்து 151 ஆயிற்று. தோட்ட மக்களின் எண்ணிக்கையால் மலைநாட்டுக்குக் கிடைத்த இடங்களை, அயற்கிராமங்களில் வாழ்ந்த வாக்குடையோரே நிரப்பினர். இங்கு பொய்க்கணக்கு எதுவும் எழுதப்பட்டதில்லை. மெய்யான எண் வேண்டியவிடத்து எடுக்கப்பட்டு, வேண்டாதவிடத்து விடப்பட்டது. பொய்க்கணக்காயின் மறுத்தல் எளிது. இதனை மறுப்பதற்குப் புள்ளிவிபர நூல் உதவாது.

அதே மக்கள்தொகை பிறிதோர் அரங்கிற் சுமையெனப் பேசப்பட்டது. 1964 ஒக்ரோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் 975,000 பேரைப் பங்கிட்டனர். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னைக்கு ஒத்திவைக்கப்பட்டது. 1974இல் அத்தொகையும் சரிபாதியாக்கப்பட்டது. இத்துணை முழுமையான எண்கள் லயம் லயமாக எண்ணிப் பெறப்பட்டவையல்ல, பேரத்திற் பிறந்தவை என்பது வெளிப்படை. அவற்றை நிரப்பும் பொருட்டு ஒரு குடும்பத்தினுள்ளேயே உடன்பிறந்தார் வெவ்வேறு நாட்டுக் கணக்கில் விழுந்தனர்.

1971இல் ஏறத்தாழ 1,175,000 ஆயிருந்த இந்தியத் தமிழர் தொகை 1981இல் ஏறத்தாழ 820,000 ஆகக் குறைந்தது. கடல் கடந்து அனுப்பப்பட்டோர் பலர். தோட்டத்தை விட்டு நீங்காமலே தம்மை இலங்கைத் தமிழர் எனப் பதிவித்தோரும் இருந்தனர். நாடற்றோராய் எஞ்சியவர்க்குப் பிரசாவுரிமை அளிக்குஞ் சட்டம் 2003இல் நிறைவேறியது.