குண்டூசியும் கைப்பிடியும்

அந்த அம்மாளுக்கு எதுவும் நினைவில் தங்காது. வருடக்கணக்கில் அதே மனநலக் காப்பகத்தில் இருந்தும் தினமும் பார்க்கும் மருத்துவரே அவருக்குப் புது ஆள்தான். ஜெனீவா நகரத்து மருத்துவர் எடுவார் கிளாபரேட் ஒருநாள் விரல்களுக்கிடையே குண்டூசியை ஒளித்துக்கொண்டு அவரிடம் கை நீட்டினார். சுருக்கென்று குத்தியது. சற்று நேரத்தில் அந்த அம்மாள் அதையும் மறந்துபோனார். ஆனால் மருத்துவர் மறுபடி கை நீட்டியபோது வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். ஏன் என்று அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கிளாபரேட் இதை எழுதியது 1911-இல். வலிக்கவைத்து அறிந்த உண்மை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

மனம் மறந்ததைக் கை வைத்திருக்கிறது. கையின் அந்த நினைவை வலியில்லாமல் எட்ட ஒரு வழி கிடைக்க வெகுகாலம் ஆயிற்று. 1978-இல் தாமஸ் லாண்டவர், ராபர்ட் பியார்க் என்ற அமெரிக்க உளவியலாளர்கள், பெயர்களை மனத்தில் நிறுத்துவது எப்படி என்று ஆராய்ந்தார்கள். இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டித் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தால் பெயர் நன்றாகப் பதிந்தது. நல்ல நினைவாற்றல் உள்ளவர்களுக்கான உத்தி அது. 1980-களின் கடைசியில் கேமரன் கேம்ப் என்ற உளவியலாளர் அதை அல்சைமர் நோயாளிகளிடம் கொண்டுபோனார். அவர்களுக்கும் பெயர்கள் பதிந்தன.

அந்த உத்தி நடைமுறையில் இப்படி இருக்கும். சக்கர நாற்காலியில் இருக்கும் மறதி நோயுள்ள ஒரு பாட்டி, பிரேக் போடாமல் எழுந்து விழுந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி பிரேக் போடணும். என்ன செய்யணும் பாட்டி?"

"பிரேக் போடணும்." சொல்லும்போதே கைப்பிடியை இழுத்துக் காட்டுகிறார்.

பதினைந்து விநாடி கழித்து அதே கேள்வி. பிறகு முப்பது விநாடி, ஒரு நிமிடம், இரண்டு, நான்கு, எட்டு. நடுவே பேரன் பேத்தி பற்றிய பேச்சு. தவறினால் உடனே விடையைச் சொல்லி, அவரையும் சொல்லவைத்து, கடைசியாகச் சரியாகச் சொன்ன இடைவெளிக்குத் திரும்பவேண்டும். "நல்லா யோசிச்சுப் பாருங்க" என்று மட்டும் சொல்லக் கூடாது. ஊகித்துச் சொன்ன தவறும் அப்படியே பதிந்துவிடும். "நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்" என்று நம் வீடுகளில் வருகிறவர்களெல்லாம் பரீட்சை வைக்கிறோமே, அப்போது மறதியுள்ளவரின் முகம் சுருங்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்த விதியின் அருமை தெரியும்.

நோய் இதனால் குணமாகாது. மற்ற மறதிகளும் குறையாது. பழக்கிய அந்த ஒன்று நிற்கும், அதையும் அவ்வப்போது புதுப்பிக்கவேண்டும். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால் பாட்டி, "யாரும் சொல்லித் தரலையே" என்பார். எழுந்திருக்கப் போகும்போது கை பிரேக்குக்குப் போகும்.