0.3 மில்லிமீட்டரில் பிறந்த துப்பாக்கி

தாம்பரம் விமானப்படைத் தளத்தை ஒட்டிய சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் படையிலிருந்து ஓய்வு பெற்றவர்களின் வீடுகள் உண்டு. அப்படியொரு வீட்டில் தாத்தா விட்டுப்போன துப்பாக்கி இருந்தால், பேரப்பிள்ளைகள் அதைப் 'பட்டாளத்துத் துப்பாக்கி' என்றுதான் சொல்வார்கள். பார்வைக்கும் அப்படித்தான் இருக்கும். கையால் இழுத்துத் தள்ளும் போல்ட், விசைக்கு முன்னால் தொங்கும் மேகசின், எண்ணெய் ஊறிக் கறுத்த கட்டை என்று எல்லாம் சினிமாவில் பார்த்த 'த்ரீ நாட் த்ரீ'யைப் போலவே. ஆனால் உரிமத்தோடு ஒரு வீட்டில் இருக்கும் துப்பாக்கி என்றால், அது பெரும்பாலும் எந்தப் பட்டாளத்திலும் இருந்ததில்லை. பட்டாளத்துத் துப்பாக்கிக்குத் தம்பி முறை. குழல் அளவை வைத்துப் பெயர் .315. அது பிறந்ததற்கு முக்கியக் காரணம் சர்க்காரின் பயம்.

முதலில் அண்ணன் .303-ஐச் சொல்லிவிடலாம். ஸ்காட்லாந்தில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் தொழில் செய்த ஜேம்ஸ் பாரிஸ் லீ, பிரித்தெடுக்கக்கூடிய பெட்டி மேகசினுக்கு 1879-ல் காப்புரிமை வாங்கினார். அவருடைய அமைப்பையும் மெட்ஃபோர்ட் என்பவர் குழலுக்குள் வெட்டிய வரிகளையும் சேர்த்து 1888-ல் பிரிட்டன் ஒரு துப்பாக்கியை ஏற்றது. பிறகு வந்த கார்டைட் என்ற புகையற்ற மருந்தின் சூட்டில் அந்த ஆழமில்லாத வரிகள் சீக்கிரமே தேய்ந்துபோயின. லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் இருந்த ஆயுதசாலை ஆழமான ஐந்து வரிகளை வெட்டி 1895-ல் அதைச் சரிசெய்தது. லீ-என்ஃபீல்ட் என்ற பெயர் அப்படி வந்ததுதான். கொல்கத்தாவுக்கு வடக்கே இஷாப்பூரில் 1904-ல் தொடங்கிய ரைஃபிள் தொழிற்சாலையில் நம் ஊர்ப் படைகளுக்காக இதுவே லட்சக்கணக்கில் தயாரானது.

ஆனால் அதை எல்லார் கையிலும் கொடுக்க வெள்ளைக்காரனுக்கு மனம் வரவில்லை. 1857 சிப்பாய்க் கலகம் அவனுக்கு மறக்கவே இல்லை. அதற்குப் பிறகு இந்தியச் சிப்பாய்க்கு நெடுங்காலம் ஒரு தலைமுறை பழைய ஆயுதம்; வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் புதியது. 1878-ல் வைஸ்ராய் லிட்டன் கொண்டுவந்த ஆயுதச் சட்டப்படி இந்தியர்களுக்கு உரிமம் கட்டாயம், ஐரோப்பியர்களுக்கு விலக்கு. உள்ளூர்ப் போலீசையும் காவலாட்களையும்கூட நம்பாமல், .303-ன் குழலை வரியில்லாத .410 ஆக மாற்றி, ஒரு நேரத்தில் ஒரே தோட்டா போடும் மஸ்கட்டாக்கிக் கொடுத்தார்கள். கலவரத்தில் அது பறிபோனாலும் ராணுவத் துப்பாக்கியைப் போல அதைப் பயன்படுத்த முடியாது.

வேட்டைக்காரர்கள் கதை வேறு. ராணுவத் தோட்டா தனியார் கைக்குப் போகக் கூடாது; போனால் அது எல்லைப்புறத்துக்கோ புரட்சிக்காரர்களிடமோ போய்ச் சேரும் என்பது சர்க்காரின் கணக்கு. அதனால் .303 தடை. அதே நோக்கத்தில் .450 தோட்டாவையும் இந்தியாவில் தடுத்தபோது, துப்பாக்கிக் கம்பெனிகள் .465, .470 என்று பக்கத்து அளவுகளைக் கண்டுபிடித்து விற்றன. யானை வேட்டைக்குப் பேர்போன .470 பிறந்தது இப்படித்தான். சட்டம் ஒரு எண்ணைத் தடுத்தால் வியாபாரி அடுத்த எண்ணுக்குப் போகிறான், அவ்வளவுதான்.

.303 விஷயத்தில் பக்கத்து எண் தயாராகவே இருந்தது. ஆஸ்திரியா-ஹங்கேரி ராணுவத்தின் 8 மில்லிமீட்டர் மான்லிகர் தோட்டா. .303 அங்குலம் என்றால் 7.7 மில்லிமீட்டர்; .315 அங்குலம் என்றால் 8. வித்தியாசம் 0.3 மில்லிமீட்டர். ஆனால் மான்லிகரின் பித்தளைக் கூட்டின் நீளம் 50 மில்லிமீட்டர், .303-ன் கூடு 56. ஒன்றின் துப்பாக்கியில் மற்றதைப் போட வழியே இல்லை. பர்மிங்ஹாமின் பிஎஸ்ஏ போன்ற கம்பெனிகள் லீ-என்ஃபீல்டின் போல்ட் அமைப்பை வைத்துக்கொண்டு, குழலை மாற்றி இந்தியாவுக்கு அனுப்பின. வெளியே பட்டாளம், உள்ளே ஆஸ்திரியா.

வெள்ளைக்காரன் போன பிறகும் அந்த 0.3 மில்லிமீட்டர் போகவில்லை. எனக்கு வேடிக்கையாகத் தெரிவது இதுதான். 1959 ஆயுதச் சட்டத்தை ஒட்டி 1962-ல் வந்த விதிகளில் .303-ம் .410 மஸ்கட்டும் தடைசெய்யப்பட்ட வகையில்தான் இருந்தன. பட்டாளத்துக்குச் செய்த அதே இஷாப்பூர் பொதுமக்களுக்கு .315 செய்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியதும், அது வங்கி வாசல்களுக்கும் தோட்டத்து வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. உத்தரப் பிரதேசப் போலீஸ் .303-க்கு விடைகொடுத்தது 2020 குடியரசு நாளன்று. தம்பி இன்னும் உரிமப் புத்தகங்களில் இருக்கிறான்.

சரி, தாத்தாவின் .315 கைக்கு வருகிறது. பழைய நிலைக்குக் கொண்டுவர ஆசை. வெளிநாட்டில் இதைப் பட்டறை மேசையில் வைத்துப் பிரிப்பார்கள். இங்கே துப்பாக்கியைப் பழுதுபார்க்கவே உரிமம் வேண்டும். 1959 சட்டத்தின் 5-ஆம் பிரிவு அப்படி. அதனால் போல்ட், விசை, குழல் எல்லாம் உரிமம் பெற்ற ஆளின் வேலை. போல்ட்டில் உள்ள எண்ணும் உடம்பில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று அவர் முதலில் பார்ப்பார். வேறு போல்ட் மாட்டியிருந்தால், தோட்டா அமரும் இடைவெளி சரியா என்று அளந்த பிறகே சுட விடுவார். தலைமுறை தலைமுறையாக வீட்டில் செய்யும் கெடுதல்கள் வேறு. கட்டைக்கு வார்னிஷ், இரும்புக்கு நிக்கல் பூச்சு, ஆயுத பூஜைக்கு வைத்த ஈரச் சந்தனம் காய்ந்து விட்ட துரு. தோல் உறையில் போட்டு வைப்பதும் ஆகாது. கடற்கரை ஊரின் ஈரத்தைத் தோல் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கட்டையிலுள்ள முத்திரைகள் போய்விடும். பழைய அழுக்கைத் துடைத்து, ஆளிவிதை எண்ணெயைக் கையால் மெல்லிசாகத் தடவி ஊறவிட்டாலே மரம் நிறம் திரும்பும்.

அதற்கு முன்னால் காகிதம். 2016 ஆயுத விதிகளின்படி, உரிமதாரர் இறந்த பிறகு வாரிசு தன் பேருக்கு உரிமம் கேட்கலாம். உரிமதாரர் 70 வயதைத் தொட்டாலோ, 25 ஆண்டுகள் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே மாற்றிக் கேட்கவும் வழி உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். ராஜகீழ்ப்பாக்கத்துக்காரர்கள் 2022-ல் உருவான தாம்பரம் காவல் ஆணையரகத்துக்குப் போக வேண்டும். உரிமம் கிடைத்துத் துப்பாக்கியும் பளபளப்பாகி வந்த பிறகு தேர்தல் அறிவிப்பு வந்தால், காவல் நிலையத்தில் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். வங்கிக் காவலர்கள் போன்ற சிலருக்குத்தான் விலக்கு.